மூன்றரை வயது மகளுக்கு ஆறு சொத்தைப் பற்கள்: கிளினிக்கில் சிரப்பா, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தா?

தருமபுரியிலிருந்து வந்து பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் குடியிருக்கும் ஒரு தாயின் கடிதம் இது. மகளுக்கு மூன்று வயது எட்டு மாதம், எடை 13 கிலோ. மேல் வரிசையின் நான்கு முன்பற்களும் ஈறை ஒட்டிப் பழுப்பாகி அரித்திருக்கின்றன. கீழே இரண்டு பக்கமும் முதல் கடைவாய்ப் பல்லில் குழி. வலப்பக்கப் பல்லின் ஈறில் ஒரு சின்னப் பரு வந்து, உடைந்து, மறைந்து, மறுபடி வந்திருக்கிறது. மூன்று வயது முடியும் வரை இரவில் பாட்டில் பால். இப்போது சிப்பரில் நாட்டுச்சர்க்கரை போட்ட பால், குடித்தபடியே தூக்கம். இரவில் குறட்டை விடுகிறாள், வாய் திறந்தபடி தூங்குகிறாள்.

வீட்டருகே உள்ள கிளினிக்கில், “ஒரு சிரப் கொடுத்துத் தூங்க வைத்து, ஒரே நாளில் ஆறு பல்லையும் முடித்துவிடலாம்” என்றார்களாம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம் என்றார்களாம். பல் சிகிச்சையின்போது குழந்தை இறந்த செய்தி ஒன்றைப் படித்ததிலிருந்து இந்தத் தாய்க்குத் தூக்கம் இல்லை. “பால் பல்தானே, விழுந்துவிடும், விடு” என்கிறார் மாமியார். ஐந்து வயது வரை பொறுக்கலாம் என்கிறார் கணவர். “முழு மயக்கம் என்றாலே நடுங்குகிறது. சிரப் என்றால் லேசானதுதானே, அதையே செய்துகொள்ளலாமா?” என்பது அவருடைய முக்கியக் கேள்வி.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது: குறட்டை. அந்த ஒரு காரணத்தாலேயே, நீங்கள் லேசானது என்று நினைக்கும் சிரப்தான் உங்கள் மகளுக்கு இரண்டில் அதிக ஆபத்தானது. ஏன் என்று விளக்குகிறேன். அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஆறு பற்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். மயக்கம் வேண்டுமா என்று கேட்பதற்கு முன், எந்தப் பல்லுக்கு என்ன வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்டு முடிவெடுப்பது என்று சொல்ல முடியும்.

பல் பல்லாகப் பிரித்துப் பார்த்தால்

ஈறில் பரு வந்த வலப்பக்கப் பல்தான் அவசரம். பரு என்பது, பல்லின் உள்ளே நரம்பு செத்து, வேருக்கு அடியில் சீழ் கட்டி, அது வெளியே வர வழி தேடிக்கொண்டதன் அடையாளம். பரு உடைந்ததும் வலி குறையும். சரியாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே கிருமி அப்படியேதான் இருக்கும். அந்தப் பால் பல்லின் வேர்களுக்கு நடுவேதான் நிரந்தரப் பல்லின் மொட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. நாள்பட்ட சீழ் அதன் எனாமலைக் கெடுத்தால், பத்து, பதினோரு வயதில் முளைக்கும் புதுப் பல்லே கறையோடும் பள்ளத்தோடும் வரலாம். ஆகவே இந்தப் பல்லுக்கு ஐந்து வயது வரை பொறுப்பது என்ற பேச்சே வேண்டாம். வெறுமனே அடைப்பதும் இதற்குப் பயன்படாது. இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, வேர் வரை சுத்தம் செய்து மருந்து நிரப்பி ஸ்டீல் கேப் போடுவது. மற்றது, பல்லை எடுத்துவிட்டு, பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைக்காமல் இருக்க ஒரு வளையக் கம்பி பொருத்துவது. வேர் கரைந்திருக்கிறதா, எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரே சொல்லும். நிறையக் கரைந்திருந்தால் எடுத்துவிடுவதே நல்லது. பல்லைக் காப்பாற்றவில்லையே என்று வருந்த வேண்டாம்.

இடப்பக்கக் கடைவாய்ப் பல் வேறு கதை. அங்கே தானாக வரும் வலி இல்லை, பரு இல்லை, எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே நல்ல பல் தெரிகிறது என்றால், ஊசியும் வேண்டாம், துளைக்கும் மெஷினும் வேண்டாம். சொத்தையைச் சுரண்டாமலே, அளவான ஸ்டீல் கேப்பில் சிமென்ட் தடவி மேலே அழுத்திப் பொருத்திவிடலாம். கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காமல் சொத்தை அப்படியே நின்றுவிடும். ஸ்காட்லாந்தில் தொடங்கிய இந்த முறைக்கு ‘ஹால் டெக்னிக்’ என்று பெயர். முதல் நாள் பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைப்பார்கள். சில நாள் கழித்துக் கேப். அன்றைக்குக் கடிக்கும்போது உயரமாகத் தெரியும், சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

மேல் முன்பற்கள் நான்கும் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும். மாமியார் சொல்வது இந்தப் பற்களைப் பொறுத்தவரை ஓரளவு சரி. (கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. அவற்றுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது.) வலி இல்லை, நரம்பு வரை போகவில்லை என்றால், 38 சதவீத ‘சில்வர் டைஅமீன் ஃபுளோரைடு’ என்ற மருந்தை ஒரு துளி தொட்டுத் தடவினாலே பெரும்பாலான சொத்தைகள் இறுகி நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். ஊசி இல்லை, மெஷின் இல்லை, சில நிமிட வேலை. ஆனால் சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று கறுத்துவிடும், அந்தக் கறுப்பு போகாது. சிரித்தால் தெரியும். பின்னாளில் மேலே வெள்ளைப் பூச்சோ கேப்போ போடலாம். இதை முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் தடவ வேண்டும். வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், பரு வந்த பல்லுக்கும் இது கூடாது. ஐந்து வயது வரை பொறுக்கலாம் என்ற உங்கள் கணவரின் யோசனைக்கு நியாயமான இடம் இந்த முன்பற்களில்தான் இருக்கிறது. மருந்து தடவிச் சொத்தையை நிறுத்திவைத்தால், அழகுக்கான வேலையை அவள் ஒத்துழைக்கும் வயதில் செய்துகொள்ளலாம்.

இப்படிப் பிரித்தால், ஊசி போட்டே ஆக வேண்டிய பல் ஒன்றுதான் மிஞ்ச வாய்ப்பு இருக்கிறது. ஒரு பல்லை, குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்த ஒருவர், பூச்சு மருந்தால் ஈறை மரக்க வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பொறுமையாகச் செய்தால், தூங்க வைக்காமலே பல குழந்தைகளுக்கு முடிந்துவிடுகிறது. எல்லாக் குழந்தைக்கும் முடியும் என்று சொல்லவில்லை. முயன்று பார்த்து முடியாவிட்டாலோ, எக்ஸ்ரேயில் இன்னும் நாலு பல் கெட்டிருப்பது தெரிந்தாலோ, முழு மயக்கம் நியாயமான வழிதான்.

சிரப் ஏன் லேசானது அல்ல

பல் சிகிச்சையில் குழந்தைகள் உயிருக்கு ஆபத்து வரும்போது, பெரும்பாலும் அது மூச்சில்தான் தொடங்குகிறது. தூக்க மருந்தில் நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து பின்னால் சரியும். டான்சிலோ மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ பெரிதாக இருந்தால், ஏற்கெனவே குறுகலான வழி மூடிக்கொள்ளும். குழந்தையின் நுரையீரலில் ஆக்சிஜன் கையிருப்பு குறைவு. பெரியவர் தாங்கும் நேரத்தில் பாதிகூடத் தாங்காது. ஆக்சிஜன் இறங்கினால் இதயத்துடிப்பு தானாகக் குறையும். அதே நேரத்தில் வாய்க்குள் மெஷினின் தண்ணீர், ரத்தம், பஞ்சு எல்லாம் இருக்கின்றன. குறட்டையும் வாய் திறந்த தூக்கமும் அந்த வழி குறுகியிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை.

முழு மயக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் டியூப் போட்டு வழியைக் காத்துவிடுகிறார்கள். தொண்டையில் துணி வைத்து அடைக்கிறார்கள். வேறு எந்த வேலையும் இல்லாமல் ஒரு மயக்க மருந்து நிபுணர் தலைமாட்டில் நிற்கிறார். சிரப்பில் இவை எதுவும் இல்லை. விழுங்கிய மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே அளவு ஒரு குழந்தையை மந்தமாக்கும், இன்னொன்றை ஆழ்ந்து தூங்க வைக்கும், வேறொன்றை அழுது உதற வைக்கும். தூங்கவில்லையே என்று இன்னொரு டோஸ் கொடுப்பதில்தான் விபத்துகள் நடக்கின்றன. சிரப்பே கூடாது என்பதல்ல என் கருத்து. சரியான குழந்தைக்கு, சரியான கண்காணிப்போடு அது நல்ல உதவி. குறட்டை விடும் 13 கிலோ குழந்தைக்கு, மயக்க நிபுணர் இல்லாத கிளினிக்கில், ஆறு பல்லுக்கு என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மரத்துப்போகும் ஊசிக்கும் எல்லை உண்டு. லிக்னோகெய்ன் மருந்து கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் வரை என்பது குழந்தைகளுக்கு எச்சரிக்கையான கணக்கு. உங்கள் மகளுக்கு மொத்தம் 57 மில்லிகிராம். வழக்கமான 2 சதவீத மருந்தில் அது 3 மில்லிக்கும் குறைவு. வாயின் மூன்று பக்கத்தில் ஒரே நாளில் ஊசி போட்டால் அந்த எல்லையை எளிதாகத் தொட்டுவிடும். அளவு மீறினால் வலிப்பு வரலாம், தூக்க மருந்தும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். ‘ஒரே நாளில் எல்லாம்’ என்பதைக் கிளினிக் நாற்காலியில் நான் ஏற்காததற்கு இதுவும் காரணம்.

சிரிப்பு வாயு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்து மூக்கு மாஸ்க்கில் கொடுப்பது. குழந்தை விழித்தே இருக்கும். மாஸ்க்கை எடுத்துச் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். இருப்பவற்றில் இதுவே பாதுகாப்பானது. ஆனால் மூக்கால் மூச்சு விட்டால்தான் வேலை செய்யும், உங்கள் மகளோ வாயால் மூச்சு விடுகிறாள். அதனால் எந்த முடிவுக்கும் முன் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருவேளை அடினாய்டு ஆபரேஷன் தேவை என்றால், இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்ய முடியுமா என்று இரு மருத்துவர்களையும் பேசவைக்கலாம்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்ற பயம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. 2016-இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலோ கொடுப்பதைப் பற்றி. கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒருமுறை மயக்கம் கொடுத்து, ஐந்து வயதில் சோதித்துப் பார்த்த ஏழு நாட்டு ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் மகள் மூன்றைத் தாண்டிவிட்டாள்.

எங்கே செய்தாலும் கேட்க வேண்டியவை

மயக்கம் கொடுப்பவரும் பல்லைப் பார்ப்பவரும் ஒருவரேயா? இதுதான் முதல் கேள்வி. ஆம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முழு மயக்கமோ ஆழ்ந்த தூக்கமோ என்றால் மயக்க மருந்து நிபுணர் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

என்னென்ன மானிட்டர் போடுவீர்கள்? விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி மட்டும் போதாது, மூச்சு நின்று சிறிது நேரம் கழித்துத்தான் அது இறங்கும். வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் உடனே காட்டிக்கொடுக்கும். ஆக்சிஜன் சிலிண்டர், உறிஞ்சும் கருவி, குழந்தை அளவு மாஸ்க், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ‘அம்பு’ பை, இவை அந்த அறையிலேயே இருக்க வேண்டும். அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எப்படி என்றும் கேளுங்கள்.

சிரப்பை வீட்டில் கொடுத்துக் கூட்டிவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோவில் தலை தொங்கித் தூங்கும் குழந்தையின் மூச்சை யாராலும் கவனிக்க முடியாது. திரும்பும்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், ஒருவர் குழந்தையின் தலையையும் மூச்சையும் மட்டும் பார்க்க.

எந்தப் பல்லுக்கு என்ன, எவ்வளவு செலவு என்று எழுதி வாங்குங்கள். மயக்கத்தில் இருக்கும்போது இன்னொரு பல்லும் மோசம் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் முன்னரே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது, உயிரைக் காக்கும் அவசரம் தவிர, என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு நகலை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். செலவு தாங்காது என்றால் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. எக்ஸ்ரேயும் இரண்டாவது கருத்தும் அங்கேயே பெறலாம்.

முழு மயக்கம் என்று முடிவானால்

முந்தைய இரவு எந்த மணிக்குக் கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்பது உயிர் காக்கும் தகவல். பால் தண்ணீர்க் கணக்கில் வராது, அது சாப்பாடு. பாலுக்கும் லேசான உணவுக்கும் 6 மணி நேரம், எண்ணெயும் கறியும் சேர்ந்த கனமான சாப்பாட்டுக்கு 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். காலையில் பசிக்கு அழுகிறாள் என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். சளி, இருமல், காய்ச்சல் வந்தால் குறைந்தது இரண்டு வாரமாவது தள்ளிவைப்பார்கள். வீசிங் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். குறட்டையை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். கைப்பேசியில் அவள் தூங்கும் வீடியோ ஒன்று எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

அதுவரை வீட்டில்

வலிக்கு நீங்கள் தடவும் கிராம்பு எண்ணெயை நிறுத்துங்கள். சின்னக் குழந்தையின் ஈறை அது புண்ணாக்கும். பாட்டில் கைக்கு எட்டி விழுங்கிவிட்டால் கல்லீரலையே கெடுக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அவளுக்கு ஒரு வேளைக்கு 130 முதல் 195 மில்லிகிராம். நீங்கள் “5 மில்லி கொடுக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த பாட்டில் என்று எழுதவில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. இரண்டாவது என்றால் அவளுக்கு அது அதிகம், 3 முதல் 3.5 மில்லி போதும். சொட்டு மருந்து பாட்டிலில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டே ஊற்றுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011 முதல் தடை, மெடிக்கலில் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆன்டிபயாடிக் பருவை ஒரு வாரம் அடக்கும், பல்லைக் குணமாக்காது.

கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கினால், கண் பக்கம் வீக்கம் ஏறினால், காய்ச்சலோடு எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், கிளினிக் திறக்கக் காத்திராமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாட்டுச்சர்க்கரை என்பதால் தப்பு இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, அக்கறையுள்ள பல வீடுகளில் இதே நம்பிக்கைதான். ஆனால் பல் கிருமிக்கு வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ஒன்றே. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை, எந்த நேரம் என்பதுதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அதனால்தான் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் கீழ் முன்பற்கள் தப்பி, மேல் முன்பற்கள் கெட்டிருக்கின்றன. இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைக் குறைத்து நிறுத்துங்கள். பாலை டம்ளரில் கொடுத்து, பிறகு பல் துலக்கி, அதற்குப் பின் தண்ணீர் மட்டும்.

ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்குவதாகச் சொன்னீர்கள். தருமபுரியில் கறை படிந்த பற்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. ஆனால் அது கிணற்று நீரால் வருடக்கணக்கில் உடலுக்குள் போன ஃபுளோரைடு. கணக்கைப் பாருங்கள்: லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச அளவைத் தாண்டிய தண்ணீர் ஒரு லிட்டர் குடித்தால் 1.5-க்கு மேல் உள்ளே போகும். 1000 பிபிஎம் பேஸ்ட் என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு; பட்டாணி அளவில் இருப்பது கால் மில்லிகிராம். இரண்டு வேளையும் முழுதாக விழுங்கினாலும் அரை மில்லிகிராம்தான், துப்பினால் அதுவும் இல்லை. வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் என்கிறீர்கள். அது ஃபுளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடும், ஆகவே இவளுக்குப் பேஸ்டில்தான் பாதுகாப்பு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் டேங்கர் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கும் வீடுகள் மட்டும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

துலக்குவதை அவளிடம் விடாதீர்கள், ஏழெட்டு வயது வரை அது பெரியவர் வேலை. உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்க வைத்து, மேல் உதட்டை விரலால் தூக்கி, ஈறை ஒட்டிய கோட்டில் பிரஷ்ஷை வையுங்கள். சொத்தை தொடங்குவது அந்தக் கோட்டில்தான். துப்பிய பிறகு வாய் கொப்பளிக்க வேண்டாம். சிகிச்சை எங்கே முடிந்தாலும், முதல் ஒரு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டி ஃபுளோரைடு வார்னிஷ் தடவிக்கொள்ளுங்கள். பால் பழக்கம் மாறாமல் பல்லை மட்டும் சரிசெய்த குழந்தைகள்தான் இரண்டாவது முறை மயக்க மருந்துக்கு வருகிறார்கள்.

இந்த வாரம் இரண்டு வேலை: வலப்பக்கப் பல்லுக்கு எக்ஸ்ரே, குறட்டைக்கு காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அந்த இரண்டு முடிவும் கைக்கு வந்தபின் எழுதுங்கள், அடுத்ததைப் பேசலாம்.